பள்ளத்துக்கு யார் கணக்குக் காட்டுவது?

காஞ்சிபுரம் மாவட்டத்தில் மலை என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. உத்திரமேரூர், வாலாஜாபாத் வட்டாரங்களில் வயல்வெளிக்கு நடுவே எழும் சிறு குன்றுகள்தான் உண்டு. இந்தத் தட்டையான நிலத்துக்கு ஒரு முகவெட்டைத் தருபவை அவைதான். மேலே குன்று, அடிவாரத்தில் ஏரி, ஏரிக்குக் கீழே வயல், வயலை ஒட்டி ஊர் என்பதே இங்கு பல கிராமங்கள் அமைந்த முறை. குன்றில் விழும் மழை வரத்துக்கால்வாய் வழியாக ஏரிக்கு வரும். அந்தக் குன்றை வெட்டினால் கண்ணுக்கு அழகு போவதோடு ஏரிக்கு வரும் தண்ணீரின் பாதையும் மாறுகிறது. பழவேரி, அருங்குன்றம், சிறுதாமூர், மதூர், திருமுக்கூடல் என்ற பெயர்களைக் கேட்டால் இன்று பலருக்கும் குவாரியும் கிரஷரும் டிப்பர் லாரியும்தான் நினைவுக்கு வருகின்றன. இத்தனைக்கும் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில், 15 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனை நடந்ததைச் சொல்லும் வீரராஜேந்திர சோழனின் கல்வெட்டு இருக்கிறது. குவாரியே கூடாது என்பது இக்கட்டுரையின் வாதம் அல்ல. கல்லை எடுத்து முடித்த பிறகு அந்த நிலம் எந்த நிலையில் விடப்படுகிறது, அதைச் சீராக்கும் செலவு யார் கையில் இருந்து, எப்போது வாங்கப்பட வேண்டும் என்பதுதான் கேள்வி. அந்தச் செலவைக் கல் எடுக்கும் காலத்திலேயே வாங்கிவிட வேண்டும். பழைய பள்ளத்துக்குக் கணக்குக் காட்டாதவருக்குப் புதிய குத்தகை தரக்கூடாது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

சட்டம் இல்லாததால் இந்த நிலை வரவில்லை. 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், 5 ஹெக்டேருக்குக் குறைவான சிறு கனிமக் குத்தகைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என்றது. அதன்பின் தமிழ்நாட்டில் சாதாரணக் கற்குவாரிக்கும் சுரங்கத் திட்டம், மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தின் அனுமதி, அந்த அனுமதியோடு பல பக்க நிபந்தனைகள் என்ற நடைமுறை வந்தது. வேலி போட வேண்டும், மேல்மண்ணைத் தனியே சேர்த்து வைக்க வேண்டும், சுற்றிலும் நாட்டு மரங்கள் நட வேண்டும், படிப்படியாக வெட்ட வேண்டும் என்று எல்லாம் அதில் உண்டு. 2020 ஜனவரியில் ‘காமன் காஸ்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. சுரங்கப் பணி முடிந்ததும் அந்த இடத்தையும், பணியால் பாழான சுற்றுப்புறத்தையும் புல் வளர்த்து, தீவனமும் செடிகொடியும் உயிரினங்களும் தழைக்கும் நிலைக்குத் திருப்ப வேண்டும் என்ற நிபந்தனையைக் குத்தகைகளில் சேர்க்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. சுற்றுச்சூழல் அமைச்சகமும் அதே மாதத்தில் சுற்றறிக்கை வெளியிட்டது. ஆக, காகிதத்தில் குறை சொல்ல முடியாது. மாடு மேய்க்கப் புல் வேண்டும் என்பதைக்கூட உச்ச நீதிமன்றம் நினைவில் வைத்திருக்கிறது.

பிறகு ஏன் கைவிடப்பட்ட கல்குட்டைகள் செங்குத்துச் சுவர்களோடு திறந்து கிடக்கின்றன? அதிகாரிகளின் அலட்சியம், குத்தகைதாரரின் பேராசை என்று பதில் சொல்லிவிடலாம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, கடமை எந்த நாளில் வருகிறது என்பதில் இருக்கிறது. குத்தகை நடக்கும்வரை ஒவ்வொரு லோடுக்கும் நடைச்சீட்டு வேண்டும்; அதைத் தருவது கனிமவளத் துறை. அந்தக் காலம் முழுவதும் துறையின் பேனாவுக்கு மதிப்பு உண்டு. ஆனால், சீரமைப்பு என்ற கடமை பெரும்பாலும் கல் தீர்ந்த பிறகுதான் தலைகாட்டுகிறது. அன்றைக்குக் குத்தகைதாரருக்கு நடைச்சீட்டும் வேண்டாம், துறையும் வேண்டாம். அந்த இடத்திலிருந்து இனி ஒரு ரூபாயும் வராது. அங்கே செலவு மட்டும்தான் பாக்கி. கையில் இருக்கும் இயந்திரங்களை அடுத்த சர்வே எண்ணுக்கு ஓட்டிச் செல்வதுதான் எந்த வியாபாரியும் செய்யக்கூடியது. ஒரு வீட்டை வாடகைக்கு விடுபவர்கூட அட்வான்ஸ் வாங்காமல் சாவியைக் கொடுப்பதில்லை; போகும்போது உடைந்த கதவுக்கு அதில் பிடித்துக்கொள்ளலாம் என்ற தைரியம் அவருக்கு வேண்டும். குன்றைக் கொடுக்கும்போது மட்டும், முடித்த பிறகு சரிசெய்து தருவார்கள் என்ற நம்பிக்கையில் கொடுத்துவிடுகிறோம்.

இந்த அட்வான்ஸ் ஏற்பாடு நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. நிலக்கரி நீங்கலாக, இரும்புத்தாது, சுண்ணாம்புக்கல் போன்ற பெருங்கனிமங்களுக்கான 2017ஆம் ஆண்டு மத்திய விதிகள், சுரங்கத்தை மூடும் திட்டத்தை முன்கூட்டியே தரச் சொல்கின்றன. ஹெக்டேருக்கு இத்தனை லட்சம் ரூபாய் என்று நிதி உத்தரவாதமும் கேட்கின்றன. மூடாமல் போனால் அரசு அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு வேலையைச் செய்யலாம். ஆனால் ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் ஆகும் கல், சட்டத்தின் கண்ணில் சிறு கனிமம். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆவது பிரிவு சிறு கனிமங்களை மாநிலங்களின் பொறுப்பில் விட்டுவிட்டது. எனவே மேற்சொன்ன மத்திய விதி காஞ்சிபுரத்துக் குன்றுக்குப் பொருந்தாது. இங்கே ஆள்வது தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், 1959. அந்த விதிகள் எத்தனையோ முறை திருத்தப்பட்டிருக்கின்றன. 2021 நவம்பரில், தேசியப் பூங்கா, சரணாலயம், காப்புக்காடு ஆகியவற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று ஒரு திருத்தம் வந்தது. 2022 டிசம்பரில் அந்தப் பட்டியலில் இருந்து காப்புக்காட்டை மட்டும் நீக்கி இன்னொரு திருத்தம் வந்தது. ஓராண்டு இடைவெளியில் முன்னும் பின்னும் போக முடிந்த விதிப்புத்தகத்தில், பெருங்கனிமத்துக்கு இணையான ஒரு மூடல் உத்தரவாதத்தை எழுதுவது அரசுக்கு முடியாத காரியம் அல்ல.

இந்த மாவட்டத்துக்குக் கணக்குக் காட்டும் முறையை வெளியூரில் இருந்து யாரும் கற்பிக்க வேண்டியதில்லை என்பதும் ஒரு வேடிக்கை. குவாரிகள் நிறைந்த அதே உத்திரமேரூரில்தான், முதலாம் பராந்தகன் காலத்தில், பொது ஆண்டு 919, 921 ஆகியவற்றைச் சேர்ந்த குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. தேர்தல் முறைக்காக மட்டுமே அவை பாடநூலில் இடம்பெறுகின்றன. அவை சொல்வதன்படி, ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்றே ஒரு குழு இருந்தது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி அந்தப் பொறுப்புக்கு வர முடியாது என்ற விதியும் இருந்தது. அந்த வாரியங்களைத் தேர்ந்தெடுத்த சபை ஊரின் எல்லோருக்குமான சபை அல்ல. நிலமும் கல்வியும் உள்ள ஆண்களின் சபை. அதைப் பொற்காலமாக்கிப் பேச எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் உறவினரையும் சேர்த்த அந்த நுணுக்கத்தைப் பாருங்கள். பொதுச் சொத்தைக் கையாண்டவர் கணக்கை முடிக்காமல் வேறொரு பெயரில் திரும்பி வருவார் என்பது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. இன்று ஒரு பள்ளத்தை அப்படியே விட்டவர், வேறு நிறுவனப் பெயரிலோ வீட்டில் ஒருவர் பெயரிலோ பக்கத்துச் சர்வே எண்ணுக்கு விண்ணப்பித்தால், பழைய பள்ளத்தைக் காட்டி அதை நிராகரிக்கும் தெளிவான விதி வேண்டும்.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவது, எல்லோரும் சொல்வது: கல் இல்லாமல் வீடு ஏது, சாலை ஏது? நியாயமான கேள்விதான். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் எழுந்த தொழிற்சாலைகளின் கான்கிரீட்டில் இந்த வட்டாரத்துக் கல்லுக்கும் பங்கு உண்டு. பாலாற்றில் மணல் அள்ளுவதை எதிர்த்தவர்களில் நம்மில் பலர் இருந்தோம். ஆற்றைக் காப்பாற்ற எம்-சாண்ட் வேண்டும் என்று வரவேற்றோம். எம்-சாண்ட் என்பது பாறையை நொறுக்கிய தூள். 2023இல் அரசு அதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. ஆற்றின் மேல் இருந்த சுமையைக் குன்றின் மேல் ஏற்றி வைத்தவர்கள் நாம்தான். அதனால்தான் குவாரியை மூடு என்ற கோஷத்தோடு நின்றுவிடுவது நேர்மையாகாது. கல் தேவை என்பது எவ்வளவு உண்மையோ, அவ்வளவுக்கு அதன் விலையில் பள்ளத்தைச் சீராக்கும் செலவும் சேர வேண்டும் என்பதும் உண்மை. இப்போது அந்தச் செலவை ஏரி வறண்ட ஆயக்கட்டுதாரரும், வேலியில்லாத குட்டைக்கு அருகில் பிள்ளைகளை வளர்ப்பவரும் செலுத்துகிறார்கள். வீடு கட்டுபவரின் பில்லில் அது ஏறுவதே இல்லை.

அது ஏறினால் விலை எகிறிவிடாதா என்பது அடுத்த கேள்வி. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். 30 மீட்டர் ஆழம் வெட்டினால் 3 லட்சம் கன மீட்டர். பாதுகாப்புக்காக விட வேண்டிய எல்லைக்கும் படிகளுக்கும் பாதியைக் கழித்துவிடுவோம், மீதி 1.5 லட்சம் கன மீட்டர். நம் பாறை கன மீட்டருக்கு 2.6 டன்னுக்குக் குறையாது என்பதால், ஏறக்குறைய 4 லட்சம் டன் கல். டன்னுக்கு 5 ரூபாய் பிடித்து வைத்தால் ஹெக்டேருக்கு 20 லட்சம் ரூபாய் சேரும். 20 டன் ஏற்றும் ஒரு லாரிக்கு இது 100 ரூபாய். ஒரு சிறிய வீட்டுக்கு ஜல்லியும் எம்-சாண்டுமாக 150 டன் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் கூடுதல் செலவு 750 ரூபாய். கிரகப்பிரவேசத்துக்குப் பந்தல் போடும் செலவைக்கூட இது தொடாது. சிறு குத்தகைதாரர்கள் லட்சக்கணக்கில் முன்பணம் கட்ட முடியாமல் தொழிலைப் பெரிய கைகளிடம் விட்டுவிடுவார்கள் என்ற அச்சத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. முழுத் தொகையையும் முதல் நாளே கேட்க வேண்டியதில்லை. முதலில் ஒரு பகுதி, மீதி ஒவ்வொரு நடைச்சீட்டோடும் வந்து சேரட்டும். 2016இல் திருத்தப்பட்ட சுற்றுச்சூழல் அறிவிக்கை, 500 மீட்டருக்குள் அடுத்தடுத்து இருக்கும் குத்தகைகளை ஒரே தொகுப்பாகப் பார்க்கச் சொல்கிறது. தாக்கத்தை மதிப்பிடத் தொகுப்பு என்றால், மூடவும் அந்தத் தொகுப்புக்கே ஒரு பொதுத் திட்டம் இருக்கலாம். அப்போது நான்கு குவாரிகளுக்கு நடுவில் கத்தி முனை போல நிற்கும் எல்லைச் சுவர்களை என்ன செய்வது என்பதற்கும் ஒரு முடிவு கிடைக்கும்.

மூன்றாவது வாதம் கொஞ்சம் கனமானது. குன்றை வெட்டிய பிறகு அதைத் திரும்ப நட்டுவைக்க முடியுமா? 30 மீட்டர் பள்ளத்தை நிரப்ப மண் எங்கே? அதற்கு இன்னொரு இடத்தைத் தோண்ட வேண்டும். மேலும் வருவாய்ப் பதிவேட்டில் அது கல்லாங்குத்து, இல்லாவிட்டால் தீர்வை ஏற்படாத தரிசு. வெறும் பாறையில் எதை மீட்பது? முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். குன்று திரும்ப வராது. எனவேதான் சீரமைப்பு என்பது கடைசி நாள் வேலையாக இருக்க முடியாது. முதல் வெடியில் தொடங்க வேண்டும். சுரங்கத் திட்டங்களில் வழக்கமாக 5 மீட்டர் உயரம், 5 மீட்டர் அகலம் என்று படிகள் வரையப்படுகின்றன. அப்படி வெட்டினால் கல் தீர்ந்த அன்று ஒரு பெரிய படிக்கட்டு மிஞ்சும். படியில் மேல்மண் பரப்பலாம், செடி நிற்கும், உள்ளே விழுந்தவர் ஏறி வர இடம் இருக்கும். படி விடாமல் நேராக இறக்கினால் மிஞ்சுவது கிணறு. அப்படி வெட்டுவதன் விலை முதலில் தொழிலாளிக்கே விழுகிறது. 2021 பிப்ரவரியில் நம் மாவட்டத்து மதூர் குவாரியில் சரிவு ஏற்பட்டு உயிர் போனது. 2022 மே மாதம் திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளத்தில் 300 அடிக்கு மேல் ஆழமான குவாரியில் பாறை சரிந்து நால்வர் இறந்தார்கள். தொழிலாளியின் உயிரையும் பின்னால் வரப்போகும் நிலத்தையும் காப்பது ஒரே படிதான்.

வெறும் பாறை என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. பல்லாவரம் குன்றுகளும் ஒரு காலத்தில் காஞ்சிபுரத்தைப் போலவே செங்கல்பட்டு சீமையைச் சேர்ந்தவைதான். 1863 மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தொடக்கமாகக் கருதப்படும் கற்கருவியைக் கண்டெடுத்தது பல்லாவரத்தில், ஒரு சரளைக் குழியில். சார்னோக்கைட் என்று உலகம் முழுவதும் புவியியலாளர்கள் அழைக்கும் பாறை வகையும் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறையை வைத்துத் தாமஸ் ஹாலண்ட் விவரித்தது. இன்று பரங்கிமலையில் ஒரு சிறு துண்டு தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். சுற்றியுள்ள குன்றுகளில் பெரும்பகுதி குட்டை. பாறை இடுக்கில் வளரும் உசிலும் களாவும் காரையும் ஆடு மேய்ப்பவருக்கு வேண்டியவை. பதிவேட்டில் வரி இல்லை என்பதால் அவற்றுக்குப் பயன் இல்லை என்று ஆகிவிடாது. இங்கே ஓர் இடைக்குறிப்பு: நன்மங்கலம் காப்புக்காட்டில் கைவிடப்பட்ட குவாரியின் பாறைச் சுவரில் கொம்பன் ஆந்தைகள் குடியேறியிருப்பதைக் காட்டி, இயற்கை தானாகவே பார்த்துக்கொள்ளும் என்பவர்கள் உண்டு. அந்தக் குவாரியைச் சுற்றிக் காடு இருந்தது, காட்டுக்குக் காவல் இருந்தது. விதை வந்து விழ இடமும் ஆந்தைக்கு இரையும் இருந்தன. அதிலிருந்து கற்க வேண்டியது, எல்லாச் சுவரையும் இடித்துச் சமன்படுத்தத் தேவையில்லை என்பதைத்தான். குருகிராமில், கல்லும் மணலும் வெட்டித் தீர்த்த ஆரவல்லி நிலத்தில், 2010 முதல் குடிமக்கள் குழு ஒன்று நாட்டு மரங்களை மட்டும் தேடி நட்டு ஒரு காட்டை எழுப்பியிருக்கிறது. கென்யாவில் மொம்பாசா அருகே சுண்ணாம்புக்கல் குவாரியில் 1971இல் தொடங்கிய சீரமைப்பில் முதலில் நின்று பிடித்தது நம் கடற்கரைச் சவுக்கு. இரண்டிலும் மரத்தைவிட முக்கியமானது, பல ஆண்டுகள் அந்த இடத்தை விட்டு நகராமல் ஒருவர் பொறுப்பில் இருந்தது. நம் நிபந்தனைகளில் கன்றுகளின் எண்ணிக்கை இருக்கிறது. மூன்றாவது கோடையில் எத்தனை உயிரோடு இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அதற்கு அர்த்தம்.

கல்குட்டையில் தண்ணீர் நிற்கிறதே, அதுவே ஒரு லாபம்தானே என்ற வாதத்துக்கு வலுவான சாட்சி நம் மாவட்டத்திலேயே உண்டு. 2017 வறட்சியிலும் 2019 வறட்சியிலும் மாங்காடு அருகே சிக்கராயபுரத்துக் குவாரிகளில் இருந்து தண்ணீரை எடுத்து, செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்துச் சென்னைக்குக் கொடுத்தார்கள். 20க்கும் மேற்பட்ட பள்ளங்கள் அங்கே அடுத்தடுத்து இருந்தன. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல யோசனை. ஆனால் அந்தப் பள்ளங்களை யாரும் நீர்த்தேக்கமாக வடிவமைக்கவில்லை. நகரம் தவித்தபோது இருந்ததைப் பயன்படுத்திக்கொண்டோம். ஏரி என்றால் நீர்வரத்து, கரை, மதகு, கலங்கல், இறங்கி ஏறச் சரிவு என்று எல்லாம் உண்டு. கல்குட்டைக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அதனால் அங்கே ஆடு மாடு தண்ணீர் குடிக்க முடிவதில்லை. ஆழம் தெரியாமல் குளிக்க இறங்கும் இளைஞர்கள் மூழ்குவது மட்டும் சென்னையைச் சுற்றிக் கோடைதோறும் செய்தியாகிறது. குன்றின் அடிவாரத்தில் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே வெட்டிய பள்ளம், தண்ணீரைச் சேமிப்பதுபோலத் தெரிந்தாலும் சுற்றுக் கிணறுகளின் ஊற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதும் உண்டு. குட்டையை நீர்நிலையாக விடுவது என்றால் விடலாம். அதைக் குத்தகை தரும்போதே முடிவு செய்து, எந்த ஏரியின் உபரி இதற்கு வரும், எந்தப் பக்கம் சரிவு அமையும், பராமரிப்பது பொதுப்பணியா ஊராட்சியா என்று எழுதி வைக்க வேண்டும். எடுத்து முடித்த பிறகு மழை வந்து நிரப்பியதைச் சீரமைப்பு என்று கணக்குக் காட்டக்கூடாது.

எஞ்சியிருப்பது ஏற்கெனவே கைவிடப்பட்ட பழைய பள்ளங்கள். குத்தகைதாரர் இறந்திருப்பார், நிறுவனம் கலைந்திருக்கும், யாரிடம் கேட்பது? அமெரிக்கா 1977இல் நிலக்கரிக்குச் செய்தது இங்கே உதவும். புதிய சுரங்கம் என்றால் அனுமதிக்கு முன்பே உத்தரவாதத் தொகை. பழைய சுரங்கம் என்றால் இப்போது வெட்டப்படும் ஒவ்வொரு டன்னிலிருந்தும் ஒரு சிறு கட்டணம் பிடித்து அந்த நிதியில் சீரமைப்பு. அங்கும் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. நிறுவனத்தின் சொந்த வாக்குறுதியையே உத்தரவாதமாக ஏற்றுக்கொண்ட மாநிலங்கள், நிறுவனங்கள் திவாலானபோது கையைப் பிசைந்தன. எனவே நமக்கு வங்கியில் உள்ள பணம்தான் வேண்டும், உறுதிமொழிப் பத்திரம் அல்ல. தமிழ்நாடு 2024இல் கனிமவள நிலங்களுக்கு வரி விதிக்கச் சட்டம் இயற்றி, 2025 ஏப்ரல் முதல் டன் கணக்கில் வசூலிக்கிறது. டன் அளவில் பணம் பிடிக்க முடியாது என்ற சாக்கு அதோடு போயிற்று. அந்த வரியிலிருந்து ஒரு பங்கு பழைய பள்ளங்களுக்கென்று ஒதுக்கப்பட வேண்டும். குத்தகைதாரர்கள் செலுத்தும் பங்களிப்பில் இயங்கும் மாவட்டக் கனிம அறக்கட்டளையின் பணம் பள்ளிக்கும் குடிநீருக்கும் போவதில் எனக்கு மறுப்பு இல்லை; அந்தக் குடிநீர் ஏன் பற்றாமல் போனது என்ற கேள்விக்கும் அதே அறக்கட்டளை கொஞ்சம் செலவிடலாம்.

இதற்கெல்லாம் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. சுற்றுச்சூழல் விதிகளின்படி ஒவ்வொரு மாவட்டமும் கனிமங்களுக்கான ஆய்வறிக்கை தயாரிக்கிறது. எங்கே எவ்வளவு கல் இருக்கிறது என்று சொல்லும் அந்த அறிக்கையில், எங்கே எவ்வளவு பள்ளம் இருக்கிறது என்ற பட்டியலும் இணைக்கப்படட்டும்: கிராமம், சர்வே எண், ஆழம், கடைசிக் குத்தகைதாரர், வேலி உண்டா இல்லையா. பட்டியல் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்பட்டால், கிராம சபையில் பேச ஆதாரம் கிடைக்கும். அரசு நிலத்துக் குவாரிகள் ஆட்சியரின் டெண்டர், ஏலம் வழியாகத்தான் போகின்றன; பழைய பள்ளத்தை மூடிய சான்று இல்லாதவர் ஏலத்தில் பங்கெடுக்க முடியாது என்ற வரியை டெண்டர் நிபந்தனைகளில் சேர்க்க வேண்டும். 2022இல் அறிவிக்கப்பட்ட பரந்தூர் விமான நிலையம் வருகிறதோ இல்லையோ, வந்தால் அதன் ஓடுபாதைக்கும் சாலைகளுக்கும் கல் தேடி முதலில் வரப்போவது உத்திரமேரூர், வாலாஜாபாத் குன்றுகளுக்குத்தான். அந்தக் குத்தகைகளுக்கான விண்ணப்பங்கள் ஆட்சியர் அலுவலகத்துக்கு வருவதற்கு முன்பே இந்த வரி விதிப்புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும்.